ஒளியென்னும் உளி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைத்தொழில் பற்றி ஏதேனும் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லேன். சிறியதொரு பட்டறை வைத்து, பலகையிலும் அக்கிறிலிக்கிலும் எழுத்துப் பொறித்துச் சீவிக்கிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றையே பேச எண்ணினேன். லேசர் இயந்திரத்திற் பொறித்தலையும், ஒரே கோட்டைப் பலதடவை வெட்டுதலையும் எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதே என் பொருள். நம் வாலிபர் சிலர் இத்தகைய இயந்திரத்தைக் கடன்பட்டு வாங்கவிருப்பதாக அறிகிறேன். விற்பவர் அதை ஓட்டிக் காட்டுவார். பொருளைப் பழுதாக்காமல் ஓட்டுவது எப்படி என்பதை நாமே பழகவேண்டியிருக்கிறது. நான் பழகியது ஒரு பொருளைப் பழுதாக்கிய பின்னரே. அக்கதையையும் சொல்லுவேன்.

பெரியோர்கள் இது பிள்ளைகளின் விஷயம் என்று எண்ணவேண்டாம். இத்தொழிலின் அடிப்படை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினார்கள். ஓலையின் மேற்பரப்புக் கீறப்படவேண்டும், ஆனால் ஓலை துளைபடலாகாது. அழுத்தம் கூடினால் ஓலை கிழியும். குறைந்தால் எழுத்து நிலையாது. கீறியபின் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் எழுத்துக் கறுத்துத் தோன்றும். பழைய ஏடுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எவ்வளவு ஆழம் என்பதை எழுதுகிறவனுடைய கை அறிந்திருந்தது. இன்று அந்தக் கையின் அறிவை நாம் மூன்று எண்களாக இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். வலு ஒன்று, கதி ஒன்று, தடவை ஒன்று. இம்மூன்றையும் அறிந்தவன் இயந்திரத்தை ஆள்வான். அறியாதவனுடைய பலகையை இயந்திரம் எரித்துவிடும்.

முதலில் இக்கருவி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதல் லேசரை 1960 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் செயற்படுத்தினார். அது மாணிக்கக் கல்லைக் கொண்டு ஆக்கப்பட்டது. நம் பட்டறைகளில் உள்ளது வேறொரு வகை. காபனீரொட்சைட்டு வாயுவினால் இயங்கும் அந்த லேசரை 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கியவர் குமார் பட்டேல் என்னும் இந்தியர். மகாராட்டிரத்தின் பாராமதியிற் பிறந்து, பூனாவில் எந்திரவியல் கற்று, மேற்படிப்புக்குக் கடல் கடந்தவர். 1967 இல் இங்கிலாந்திற் பீற்றர் ஹோல்ட்குரொப்ட் என்பவர், அந்த ஒளியோடு ஒட்சிசன் தாரையையும் சேர்த்துச் செலுத்தி, 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டை வெட்டிக் காட்டினார். அன்று ஆய்வுகூடத்தில் இருந்தது இன்று நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

இவ்வியந்திரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதிலிருந்து வரும் ஒளி செந்நிறக்கீழ் ஒளி. அதன் அலைநீளம் 10.6 மைக்கிரோமீற்றர் ஆதலின் கண்ணுக்குத் தெரியாது. ஆடிகள் அதைத் திருப்பி ஒரு வில்லைக்குக் கொண்டுவருகின்றன. வில்லை அதனை ஊசிமுனையளவு புள்ளியாகக் குவிக்கிறது. வெயிலில் உருப்பெருக்குக் கண்ணாடி பிடித்துக் கடதாசியைக் கருக்கிய சிறுபிள்ளை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் புள்ளி பெருக்கும், சூடு குறையும். இங்கும் அப்படியே. 2 அங்குலக் குவியத் தூரமுள்ள வில்லைக்கு, ஒளி கூர்மையாக இருக்கும் இடம் மேலும் கீழுமாக ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். வளைந்த பலகையிலும் சிரட்டையிலும் எழுத்து ஓரிடத்திற் கறுத்தும் ஓரிடத்தில் மங்கியும் வருவது இதனாலேயே. ஆகவே எண்களைத் தொடுமுன் பலகை மட்டமாக இருக்கின்றதா, வில்லை சுத்தமாக இருக்கின்றதா, உயரம் சரியா என்று பாருங்கள். அழுக்கு வில்லையை வைத்துக்கொண்டு வலுவைக் கூட்டுகிறவன், மூக்குக் கண்ணாடியைத் துடையாமல் விளக்கைத் தூண்டுகிறவனுக்கு ஒப்பானவன்.

இனி அந்த மூன்று எண்களுக்கு வருவோம். 40 வாற்று இயந்திரம் ஒன்றில் வலுவை 60 வீதத்தில் வைத்தால் 24 வாற்று என்று கணக்குக்காகக் கொள்வோம். உண்மையில் வீதமும் வாற்றும் அவ்வளவு ஒழுங்காக ஒத்துவருவதில்லை. குழாய் பழசாகும்போது வலுக் குறையும். எனினும் கணக்கு வழிகாட்டும். தலை செக்கனுக்கு 8 மில்லிமீற்றர் நகர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீற்றர் நீளத்துக்கும் 3 யூல் சக்தி சேரும். 24 ஐ 8 ஆல் வகுத்தல், வேறொன்றுமில்லை. கதியை இரட்டித்தால் சக்தி பாதியாகும். ஒரே கோட்டில் மூன்று தடவை சென்றால் மொத்தம் 9 யூல் ஆகும்.

அப்படியானால் 9 யூலையும் ஒரே தடவையில் மெதுவாகச் சென்று கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பலகையைப் பொறுத்தவரை, மெதுவாகச் செல்லும்போது சூடு இருபக்கமும் பரவுகிறது. ஓரம் கரியாகிறது, சிலவேளை சுடர் எழும்புகிறது. பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் இடையிற் புகை வெளியேறி மரம் ஆறுகிறது. தடித்த பலகையில், ஒரு தடவை முடிந்ததும் குவியத்தைச் சிறிது தாழ்த்தினால், ஒளி அடியிலும் கூர்மையாக வேலை செய்யும்.

ஆனால் இதற்கும் எல்லையுண்டு. முதற் தடவையில் உண்டான கரியையும் அடுத்த தடவை எரிக்கவேண்டியிருப்பதால், பாதிச் சக்தியில் இரண்டு தடவை என்பது முழுச் சக்தியில் ஒரு தடவைக்கு எப்போதும் சமமாகாது. மூன்றில் விழாத பலகை ஆறிலும் பெரும்பாலும் விழாது. ஓரந்தான் கரியும். அப்போது குறை தடவையில் இல்லை. குவியத்தை, வில்லையை, காற்றை, பலகையின் பசையைப் பாருங்கள். ஒட்டுப்பலகையின் உள்ளே பசை தடித்த இடத்திலும் கணு உள்ள இடத்திலும் ஒளி தடைப்படும். குழாயின் ஓட்டத்தை அதற்கு விதித்த அளவுக்கு மேல் ஏற்றி வெல்ல நினைக்கவேண்டாம். குழாயின் ஆயுள் குறையும், அந்த நட்டம் பலகையின் விலையிலும் பெரிது.

அக்கிறிலிக்குக்கு நியாயம் வேறு. வலு போதுமானால் அதனை ஒரே தடவையில் ஆறுதலாக வெட்டுவதே நன்று. ஓரம் உருகிப் பளிங்குபோல் மினுங்கும். இரண்டாந் தடவை சென்றால் ஓரத்திற் கோடு விழும். பொறிப்பதற்கு வார்த்த அக்கிறிலிக்கை வாங்குங்கள், எழுத்து வெள்ளையாகத் தெரியும். அழுத்தி இழுத்துச் செய்த வகையிற் பொறித்தால் எழுத்துக் கண்ணாடிபோல நிறமற்று இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வாங்கும்போது கேட்டறிதல் வேண்டும்.

பொறித்தல் வேறு விதமாக நடக்கும். உழவன் வயலில் ஏர் ஓட்டுவதுபோலத் தலை இடமும் வலமுமாக ஓடி, கோட்டுக்குப் பக்கத்திற் கோடாக இட்டு நிரப்புகிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீற்றர் என்றால் ஓரங்குலத்துக்கு 254 கோடுகள். இதற்கு வலுக் குறைவு, கதி மிகுதி. என் இயந்திரத்திற் பலாப் பலகைக்கு வலு 25 வீதம், கதி செக்கனுக்கு 200 மில்லிமீற்றர். உங்கள் இயந்திரத்தில் இது மாறுபடும். ஆழமான எழுத்து வேண்டுமானால் வலுவைப் பெருக்கி ஒரே தடவையில் எரிக்காமல், அளவான வலுவில் இரண்டு தடவை பொறியுங்கள். இடையிற் பலகையை அசைக்காமல் மெல்லிய தூரிகையாற் கரியைத் தட்டிவிட்டால், அடி ஒழுங்காக வரும். இருபக்க ஓரங்களிலும் தலை நின்று திரும்பச் சிறிது வெளி விடுங்கள். விடாவிட்டால் திரும்பும் இடம் அதிகம் கறுக்கும்.

இவற்றையெல்லாம் இயந்திரத்துக்குச் சொல்லுவது எப்படி? லைட்பேர்ண் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு நிறமும் ஓர் அடுக்கு. எழுத்துக்களைக் கறுப்பிலும், தொங்கவிடும் துளைகளை நீலத்திலும், வெளி விளிம்பைச் சிவப்பிலும் வரைகிறேன் என்று வையுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் வலு, கதி, தடவை மூன்றையும் குறிக்கவேண்டும். பின்னர் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தவேண்டும். இவ்வரிசையைத்தான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதலிற் பொறித்தல். அடுத்து உள்ளே உள்ள துளைகள். கடைசியில் வெளி விளிம்பு.

இதை நான் கற்ற கதை இது. 2022 ஆம் ஆண்டு நம் நாட்டில் மின்சாரம் இருந்த நிலை உங்களுக்கு நினைவிருக்கும். பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்சாரம் நின்றது. அக்காலத்தில் ஓர் ஆச்சி என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பலாப் பலகை. காலஞ்சென்ற தம் கணவர் ஏடுகளும் உறுதிகளும் வைத்திருந்த பெட்டகத்தின் மூடி அது. பெட்டகத்தைக் கறையான் தின்றுவிட்டது, மிஞ்சியது இந்த மூடி ஒன்றே. ஆட்டைத் திவசத்துக்கு அதில் அவர் பெயரையும், கீழே பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர்களையும் பொறித்து, வடிவாக வெட்டித் தரும்படி கேட்டார். சீவி 6 மில்லிமீற்றர் தடிப்பாக்கினேன். ஒரு வேலைக்கு மட்டும் அளவான பலகை.

கணக்கிட்டுப் பார்த்தேன். பலகை 200 க்கு 120 மில்லிமீற்றர். 0.1 மில்லிமீற்றர் இடைவெளியிற் பொறிக்க 1200 கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு செக்கனும், திரும்புவதற்கு ஏறக்குறைய 0.3 செக்கனும் என்றால் 26 நிமிடம். வெளி விளிம்பின் சுற்றளவு 640 மில்லிமீற்றர். செக்கனுக்கு 8 மில்லிமீற்றராக மூன்று தடவை வெட்ட 4 நிமிடம். மின்சாரம் எந்நேரமும் நிற்கலாம். குறுகிய வேலையை முதலில் முடித்துவிடுவோம் என்று எண்ணி, வெட்டுதலை முன்னும் பொறித்தலைப் பின்னுமாக வைத்தேன்.

வெட்டு நன்றாக வந்தது. மூன்றாந் தடவையில் பலகை விடுபட்டது. விடுபட்ட பலகையின் கீழ்ப்பக்கம் தாங்கிகளின் இடைவெளிக்குள் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இறங்கியது, நான் கவனிக்கவில்லை. பொறித்தல் தொடங்கியது. மேல்வரியிற் பெரியவரின் பெயர் கறுத்து அழகாக நின்றது. கீழே வர வர எழுத்துத் தடித்து மங்கியது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் வரிசை சாய்ந்து, புகை படிந்தாற்போல் வெளிறிக் கிடந்தன. நிறுத்தியும் பயனில்லை. மறுபலகை இல்லை. அன்று மின்சாரமும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி வந்தபோது உண்மையைச் சொன்னேன். கூலி வேண்டாம் என்றேன். அவர் பலகையை மடியில் வைத்து, மங்கிய எழுத்துக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு சொன்னார்: "அவற்றை பேர் கிடக்குதுதானே மோனே, அது காணும். ஆனா இனி இன்னொருத்தரின்ரை பலகையைப் பழுதாக்கிப்போடாதை." கூலியையும் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காசு இன்றும் என் மேசைக்குள் இருக்கிறது.

வாலிப அன்பர்களே, வெட்டிய பொருள் அசையும், வெட்டாத பலகை அசையாது. முழுப் பலகையும் ஒன்றாக இருக்கும்போதே நுட்பமான வேலையைச் செய்யுங்கள். துளையை விளிம்புக்கு முன் வெட்டுங்கள். விடுபட்ட துண்டில் துளையிடப்போனால் அது நடுவுக்கு வராது. பலதடவை வெட்டும்போது இது இன்னும் அவசியம். எல்லாத் தடவைகளும் ஒரே கோட்டில் விழவேண்டுமானால் பலகை மயிரளவும் அசையலாகாது. வெட்டு முடிந்ததா என்று பலகையைத் தூக்கிப் பார்ப்பது கூடாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. கழிவாகப் போகும் மூலையில் 10 மில்லிமீற்றர் வட்டம் ஒன்றை அதே எண்களோடு முதலில் வெட்டுங்கள். வட்டம் தானே விழுந்தால் எண்கள் சரி. விழாவிட்டால் எண்களைத் திருத்தி, இன்னொரு வட்டத்தில் மறுபடி பாருங்கள். உண்மையான வேலையில் ஓரிடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நெம்பி எடுக்கவேண்டாம். அசைக்காமல் அப்படியே இன்னுமொரு தடவை விடுங்கள்.

மின்சாரம் இடையில் நின்றால் என் செய்வது? தட்டின் ஒரு மூலையில் இரண்டு சட்டங்களை நிலையாகப் பூட்டி, பலகையை அம்மூலையோடு நெருக்கி வையுங்கள். வேலையின் தொடக்கத்தையும் அம்மூலையிலிருந்தே அளந்து குறியுங்கள். மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தன் வீட்டுக்குப் போய், அதே இடத்துக்கு மீண்டும் வரும். முடிந்த அடுக்குகளை நிறுத்திவிட்டு எஞ்சியதை மட்டும் ஓட்டலாம். கண்மதிப்பில் வைத்தவனுக்கு இவ்வாறு செய்ய இயலாது. அன்று இதை நான் அறிந்திருந்தால் அவசரப்பட்டிருக்கமாட்டேன்.

தமிழ் எழுத்துக்கு உரிய சில கவனங்களும் உண்டு. எழுத்தைப் பொறிக்காமல் ஊடறுத்து வெட்டினால் வ, ல, ண போன்ற எழுத்துக்களின் சுழிக்குள் உள்ள துண்டு விழுந்துவிடும். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி தனியே உதிரும். க் என்பது க ஆகிவிடும். ஒன்றில் சிறு பாலம் விட்டு இணைக்கவேண்டும், அல்லது பொறித்தலோடு நிற்கவேண்டும். மற்றது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றும். ஆகவே எழுத்துக்களைக் கோட்டுருவமாக மாற்றியே இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் புள்ளியும் உள்ளனவா என்று தமிழறிந்த இன்னொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். பலகையில் எரிந்த பிழைக்கு அழிறப்பர் கிடையாது.

இனி ஆபத்துக்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாவமாகும். முதலாவது தீ. பலதடவை வெட்டும்போது முதற் தடவையில் உண்டான கரியிற் பின்வரும் தடவையிலே சுடர் பற்றக்கூடும். காற்றூதி வேலை செய்யவேண்டும். இயந்திரம் ஓடும்போது தேநீர் குடிக்கவும் எழுந்துபோகலாகாது. காபனீரொட்சைட்டுத் தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது கண். மூடியைத் திறந்தால் ஒளியை நிறுத்தும் ஆளியை ஒருபோதும் கட்டிவைக்கலாகாது. காணமுடியாத ஒளியிலிருந்து கண்ணை மூடித் தப்பவியலாது. மூன்றாவது மின்சாரம். குழாய்க்குச் செல்வது பல்லாயிரம் உவோல்ற்று. மூடியைக் கழற்றிக் கைவைப்பது தெரிந்தவர் வேலை. நான்காவது தண்ணீர். குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடாவிட்டால் குழாய் வெடிக்கும். நம் சித்திரை வெயிலில் வாளித் தண்ணீரே சூடேறிவிடும். வெப்பமானி ஒன்றை அதில் இட்டு, 25 பாகைக்கு மேல் ஏறினால் வேலையை நிறுத்துங்கள்.

ஐந்தாவது நஞ்சு. பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்கை இதில் வெட்டவே கூடாது. அதிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். நெஞ்சையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். பெயர்ப்பலகைக்காக விற்கும் பாரமற்ற வெள்ளைத் தகடுகளிற் பல இந்த பீ.வீ.சீ. தான். செயற்கைத் தோலும் பெரும்பாலும் அதுவே. சந்தேகமானால், பெரியவர் ஒருவர் உடனிருக்க, வெளியிடத்தில், செப்புக் கம்பியைச் சுட்டு அப்பொருளிற் தொட்டு மறுபடி சுடரிற் பிடியுங்கள். சுடர் பச்சையானால் குளோரீன் உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவு காசு தந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பலகையின் கழிவுத் துண்டிலும் சிறு சதுரங்களை வரிசையாகப் பொறித்துப் பாருங்கள். ஒரு பக்கமாக வலு ஏறட்டும், மறு பக்கமாகக் கதி ஏறட்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மரத்தின் பெயர், தடிப்பு, வலு, கதி, தடவை, குவிய உயரம், திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். பிறர் சொன்ன எண்கள் பிறருடைய இயந்திரத்துக்கு உரியவை. நான் இன்று சொன்ன எண்களும் அப்படியே. உங்கள் கொப்பியில் உள்ளவையே உங்கள் எண்கள். ஏடு எழுதியவனுக்குக் கைப்பழக்கம் தந்த அறிவை உங்களுக்கு இக்கொப்பி தரும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் முதன்முதல் எரித்த பலகையைக் கண்டு கோபியாதீர்கள். கழிவுத் துண்டில் எரிக்கட்டும். அங்கே எரித்தவனே மற்றவருடைய பலகையைக் காப்பான். வாலிபர்களே, உங்களிடம் வரும் பலகைகளிற் சில கடையிலும் வாங்கலாம், சில எங்கும் வாங்கமுடியாதவை. எது எதுவென்று பலகையைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஆகவே எல்லாப் பலகையையும் அந்த ஆச்சியின் பலகையாகவே எண்ணி, சோதித்து, பொறித்து, கடைசியில் வெட்டுங்கள்.